மூடியைத் திறந்தால் மூச்சு!

“ஆஆஆ...!”

வீட்டின் பின்பக்கத்து ஷெட்டிலிருந்து கிளம்பிய அந்த அலறல், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணியின் கையிலிருந்த டம்ளரைத் தட்டி விட்டது.

பட்டப்பகல்! சாப்பிட்டுவிட்டுத் தெருவே கண்ணயரும் நேரம்.

அலறியது தம்பி. அவளுடைய கணவனின் கூடப் பிறந்த ஒரே தம்பி. ஸ்பானரும் ஒயருமாகவே வளர்ந்த கார் எலக்ட்ரீஷியன். கரண்ட் அடித்தால்கூடக் கெட்ட வார்த்தைதான் சொல்வானே தவிர, கத்துகிற ரகமில்லை.

அப்படிப்பட்டவன் ஏன் அலறினான்?

கொஞ்சம் பின்னால் போய் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிடலாம்.

உள்ளே நின்றது ஒரு விமானம். கடையில் வாங்கியதில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து, தகடு வெட்டி, ரிவெட் அடித்து, வருஷக்கணக்கில் வீட்டிலேயே கட்டிய ரெட்டை இருக்கைக் குட்டி விமானம். அண்ணன் பல் டாக்டர். காலையில் பல் பிடுங்குவார், சாயங்காலம் ரிவெட் அடிப்பார். லைசென்ஸ் வாங்கிப் பறந்ததும் அவர்தான்.

போன மாதம் அதே விமானத்தில் தனியாகக் கிளம்பினார். தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் இன்ஜின் நின்றது. தரிசு வயலில் வயிற்றை உரசி இறங்கியது விமானம். விமானத்துக்கு மூக்கில் அடி. டாக்டருக்கு நெஞ்சில் அடி.

விமானம் ஷெட்டுக்குத் திரும்பியது. டாக்டர் திரும்பவில்லை.

விபத்தை விசாரிக்கும் பெண் ஆபீசர் அதிலிருந்த இரண்டு பெட்ரோல் பம்புகளையும் கழற்றிக்கொண்டு போனார். நேற்றுதான் திருப்பிக் கொண்டுவந்தார். “இந்த எலக்ட்ரிக் பம்பை மாட்டி, ஒரு கேன் பெட்ரோல் இழுத்துப் பார்த்துச் சொல்லுங்க சார். டேங்க்கை நானே நிரப்பி வச்சிருக்கேன்” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவன் இன்று பம்பை மாட்டினான். பம்பிலிருந்து வெளியே வரும் குழாயின் நுனியைக் கேனில் விட்டான். ஸ்விட்சைத் தட்டினான்.

டொக்டொக்டொக்டொக்...

பெட்ரோல் வந்து நிறையும் வரைக்கும் படபடவென்று அடித்துக்கொள்ளும் பம்ப் அது. நிறைந்தவுடன் நிதானத்துக்கு வரும்.

வந்தது. டொக்... டொக்... டொக்...

பென்சில் தடிமனுக்குப் பெட்ரோல் கொட்டியது. தம்பியின் முகத்தில் ஒரு திருப்தி.

அப்புறம் தடிமன் குறைந்தது. நூலானது. சொட்டானது. பம்ப் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, மாடி ஏறி மூச்சு வாங்குகிறவர் மாதிரி.



ஸ்விட்சை அணைத்தான். டேங்க், பைலட்டின் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. அதன் மூடி முன் கண்ணாடிக்கு வெளியே. பெட்டி மேல் ஏறி நின்று மூடியைப் பிடித்துத் திருகினான். இறுகியிருந்தது. இன்னும் பலமாகத் திருகினான்.

ஹ்ஹ்ஹாஆஆ...

நீளமான ஒரு மூச்சு! அவன் முகத்துக்கு நேராக!

அதற்குத்தான் அந்த அலறல்.

பெட்டியோடு சரிந்து விழுந்து, எழுந்து, செருப்பில்லாமல் வீட்டுக்குள் ஓடி வந்தான். அண்ணி அவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கை தானாக அவன் நாடியைப் பிடித்தது.

“என்ன தம்பி? ஷாக் அடிச்சுதா?”

“அண்ணி... அண்ணன்...”

“அண்ணனுக்கென்ன?”

“மூச்சு விட்டாரு அண்ணி!”

அவள் கை அவன் மணிக்கட்டிலேயே நின்றது.

“என்ன உளர்றே?”

“உளறலை. அதே மூச்சு. வயல்ல கேட்ட அதே மூச்சு!”

“வயல்லயா? எப்போ?”

அவன் தண்ணீரைக் குடிக்க முயன்றான். பாதி சட்டையில் கொட்டியது.

“அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி நான்தானே ஓடினேன்... அண்ணன் பெல்ட்டுல சாஞ்சிருந்தாரு. முன் கண்ணாடி உடைஞ்சிருந்துச்சு. நான் டேங்க் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் இருக்கான்னு பார்க்க. திறந்த நேரத்துல... பக்கத்துலேருந்து ஒரு மூச்சு. ‘ஹா’ன்னு. நீளமா.”

“ஒரு மாசமா இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“டேங்க்தான்னு நினைச்சேன் அண்ணி. டேங்க்ல இருக்கிற காத்துன்னு நினைச்சுக்கிட்டேன். தினமும் படுக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், அது டேங்க்தான், டேங்க்தான்னு... ஆனா இன்னிக்கு எப்படி? இன்னிக்கு வரவே கூடாதே!”

அண்ணி சுவரில் சாய்ந்தாள்.

அன்று அவள் டியூட்டியில் இருந்தாள். வார்டில் யாரோ ஒரு கிழவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மனுஷன் வயல்வெளியில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது இவன் ஒருத்தன்தான்.

“அவருக்கு உயிர் இருந்துச்சா தம்பி?” அண்ணி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அவர் மூச்சு விடும்போது நீ மூடியையா பார்த்துக்கிட்டிருந்தே?”

“தெரியலையே அண்ணி! அது யார் மூச்சுன்னுதானே தெரியலை! அது தெரிஞ்சா போதும் எனக்கு... எந்தப் பக்கம்னாலும் சரி, தெரிஞ்சா போதும்!”

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நிஜமான அழுகை. அதில் கலப்படம் எதுவும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

க்ளிங்... க்ளிங்...

டெலிபோன்!

இருவரும் தூக்கிவாரிப் போட நிமிர்ந்தார்கள். அண்ணி எடுத்தாள்.

“ஹலோ, நான்தாம்மா, ஆபீசர் பேசறேன். பம்ப் டெஸ்ட் என்ன ஆச்சுன்னு கேக்கலாம்னு...”

“மேடம்... ஷெட்டுல...” அண்ணிக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. “கொஞ்சம் வர முடியுமா?”

“வந்துக்கிட்டேதாம்மா இருக்கேன்.”

டெலிபோனை வைத்த சூட்டோடு வாசலில் ஜீப் நின்றது!

ஆபீசர் இறங்கினார். ஐம்பதைத் தொட்ட வயது. தடித்த கண்ணாடி. எதைப் பார்த்தாலும் ‘இது என்ன சார்?’ என்று கேட்கும் வாய். இந்த அம்மாவுக்கு யார் இந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று முதல் நாளே தம்பி நினைத்தான். அப்படி நினைக்கப்படுவதில் அந்த அம்மாவுக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது.

ஜீப்பில் இன்னொருவரும் இருந்தார். மீசைக்காரர். அவர் இறங்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“பேயா?” கதையைக் கேட்டு முடித்த ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “என் சர்வீஸ்ல பேயை மட்டும் நான் இன்னும் விசாரிச்சதில்லை. வாங்க, பார்த்துடலாம்.”

மூன்று பேரும் ஷெட்டுக்குள் நுழைந்தார்கள். தகரக் கூரையின் சூடு. பெட்ரோல் வாசனை. கழற்றி வைத்த இறக்கைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. திறந்த மூடி விமானத்தின் மூக்கில் அப்படியே கிடந்தது.

தம்பி வாசற்படியைத் தாண்டி வரவில்லை.

“நீங்க வந்தாத்தான் சார் ஆகும். நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவ. நீங்க கட்டினவரு. சொல்லுங்க... நல்லா ஓடின பம்ப் எதனால நிக்கும்?”

அவன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். ஆனால் பம்ப் என்றதும் பயம் கொஞ்சம் விலகியது. வேலைக்காரன் ஆயிற்றே!

“ஃபில்டர் அடைச்சிருக்கும் மேடம்.”

“நேத்து நான்தான் புதுசு போட்டேன்.”

“ரப்பர் ஹோஸ் உள்ள மடங்கியிருக்கலாம். வெளியே நல்லாத் தெரியும், இழுக்கும்போது உள்பக்கம் ஒட்டிக்கும்.”

“அதையும் மாத்திட்டேனே.”

“பேட்டரி இறங்கினாலும்...”

“மீட்டர் வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தான். முள் கம்பீரமாக நின்றது.

“சூட்டுல பெட்ரோல் ஆவியாகி ஹோஸ்ல குமிழ் கட்டும். அப்பவும் பம்ப் சும்மா அடிச்சுக்கும்.”

“இன்ஜினே ஓடலை. சூடு எங்கேருந்து வரும் சார்?”

“அப்படின்னா பம்ப்தான் கெட்டுப்போச்சு! பழைய கார்லேருந்து கழட்டினது. ஊர்ல எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க... நான் மாட்டின பம்பாலதான் அண்ணன் செத்தாருன்னு!”

“ஊர் சொல்லட்டும் சார். நான் அதை டெஸ்ட் பண்ணிட்டேன். தங்கமான பம்ப்.” ஆபீசர் பம்பைத் தட்டிக் கொடுத்தார். “இன்னொண்ணு இன்ஜினே ஓட்டற பம்ப். அதுவும் நல்லா இருக்கு. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு காப்பாத்தணும்னுதானே ரெண்டு வச்சீங்க? ரெண்டு டிரைவரும் ஒரே நேரத்துல லீவு போடுவாங்களா?”



ஆபீசர் ஸ்விட்சைத் தட்டினார்.

டொக்... டொக்... டொக்...

மூடி திறந்தே இருந்தது. பெட்ரோல் பென்சில் தடிமனுக்குக் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. குறையவே இல்லை!

அப்புறம் மூடியை வைத்து இறுகத் திருகினார்.

நூல்... சொட்டு... நின்றது.

தம்பி பின்வாங்கினான். “வேணாம் மேடம்... திறக்காதீங்க...”

திறந்தார்.

ஹ்ஹ்ஹாஆஆ...

தம்பி காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். “அண்ணன்! அண்ணன்தான்! விட மாட்டேங்கறாரு... என்னை விட மாட்டேங்கறாரு!”

ஆனால் அண்ணி அலறவில்லை.

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு டேங்க்கையே பார்த்தாள். அவள் கண்ணில் இப்போது தெரிந்தது பயமில்லை. வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது தெரிகிற பார்வை அது.

“மேடம்... இது எங்க டிரிப் பாட்டில் மாதிரி இருக்கே!”

“எப்படிம்மா?”

“முந்தி கண்ணாடி பாட்டில்ல குளுக்கோஸ் ஏத்துவோம். பாட்டிலுக்குள்ள காத்து போக இன்னொரு ஊசி குத்தணும். ஏர் நீடில்னு சொல்லுவோம். அது அடைச்சுக்கிட்டா டிரிப் முதல்ல ஓடும். அப்புறம் சொட்டும். அப்புறம் நின்னுடும். வெளியே போற அளவுக்கு உள்ளே காத்து வரணும்ல?” அவள் மூச்சு விடாமல் சொன்னாள். “மூடியைத் திறந்தா ஓடுது, மூடினா நிக்குது. சத்தம் டேங்க்தான் போடுது... காத்தை உள்ளே இழுக்குது! இந்த டேங்க்குக்கு ஏர் நீடில் எங்கே மேடம்?”



“இருக்கும்மா.” ஆபீசரின் குரலில் அதுவரை இருந்த அசட்டுத்தனம் எங்கோ போயிருந்தது. “சின்னக் குழாய். டேங்க் உச்சியிலிருந்து கிளம்பி விமானத்தோட வயித்துக்கு அடியில வந்து முடியும். சார், இந்தாங்க டார்ச். கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.”

தம்பி டார்ச்சை வாங்கவில்லை.

“பார்க்க வேண்டியதில்லை மேடம். அது திறந்துதான் இருக்கு.”

“பார்க்காமலே சொல்றீங்க?”

“எனக்குத் தெரியும். அது சுத்தமா இருக்கு.”

அண்ணி டார்ச்சைப் பிடுங்கினாள். மண்டியிட்டாள். விமானத்தின் வயிற்றுக்கு அடியில் தலையை விட்டாள்.

“அடைச்சிருக்கு தம்பி! வெள்ளையா... மெழுகு!”

“இருக்காது!”

அவன் பாய்ந்து வந்தான். அவளைத் தள்ளிவிட்டுக் குனிந்தான். பார்த்தான். சுண்டுவிரல் நுழையாத குழாயின் வாயில், உருண்டையாக, அழுத்தி வைத்த மெழுகு.

“இருக்க முடியாது... இருக்கவே முடியாது...”

“ஏன் சார் இருக்க முடியாது?”

ஆபீசர் அவன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“நான் சொல்றேன். அந்த மெழுகை வச்சது நான். நேத்து, நீங்க உள்ளே போய் எனக்குத் தண்ணி கொண்டுவந்தப்போ.”

அண்ணி திகைத்துப் போய்ப் பார்த்தாள். “நீங்களா? எதுக்கு மேடம்?”

“விபத்து நடந்த வயல்ல இந்தக் குழாயைப் பார்த்தேம்மா. உள்ளே சுத்தமா இருந்துச்சு. ஆனா வாய் ஓரத்துல புதுசா ஸ்க்ரூடிரைவர் கீறல். அதுல துளி மெழுகு. யாரோ அடைச்சிருக்காங்க, யாரோ எடுத்திருக்காங்க. யாருன்னு தெரியலை. அதனால நான் மறுபடி அடைச்சேன். அடைச்சிட்டு, பம்பை ஓட்டிப் பாருங்கன்னு சாரைக் கேட்டேன்.”

ஆபீசர் தம்பியின் முன்னால் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“விமானம் கட்டத் தெரிஞ்ச எந்த மனுஷனுக்கும் டேங்க் மூடியில ‘உஸ்’ஸுன்னு சத்தம் கேட்டா என்ன தோணும் சார்? குழாய் அடைச்சிருக்குன்னு தோணும். குனிஞ்சு பார்ப்பான். ஏரோப்ளேனையே கிட்டப் பார்க்காத உங்க அண்ணிக்குக்கூடத் தோணிடுச்சு. நீங்க ஃபில்டர் சொன்னீங்க, ஹோஸ் சொன்னீங்க, பேட்டரி சொன்னீங்க... குழாயை மட்டும் சொல்லலை. பேய்னு அலறிக்கிட்டு ஓடினீங்க. ஏன்?”

ஆபீசர் பெட்டியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அது திறந்திருக்குன்னு அவ்வளவு நிச்சயம்! ஏன்னா, மெழுகை நோண்டி எடுத்தது உங்க கை!”

தம்பி நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே இருந்தான்.

“தம்பி... இல்லைன்னு சொல்லு.” அண்ணி அவன் சட்டையைப் பிடித்தாள். “இல்லைன்னு சொல்லுடா!”

அவன் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னான்.

“கூரையில கயிறு கட்டித் தொங்க விடப் போறேன்னாரு அண்ணி.”

“என்னது?”

“இதை! காலேஜுக்குக் குடுக்கறாராம். பசங்க பார்க்கறதுக்குக் கூரையில தொங்க விடுவாங்களாம். நீங்க ரெண்டு பேரும் வெளிநாடு கிளம்பறீங்க, இனிமே பறக்க மாட்டேன்னு உங்களுக்குச் சத்தியம் பண்ணிட்டாராம். அன்னிக்குத்தான் கடைசியாப் பறக்கறேன்னாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை! இதுல இருக்கிற ஒவ்வொரு ரிவெட்டும் என் கை பட்டது. கண்ணு சரியில்லைன்னு எனக்கு லைசென்ஸ் குடுக்கலை... கட்டவாவது கட்டினேனே! அதையும் பிடுங்கினா நான் யாரு?”

அண்ணியின் கை தானாக நழுவியது. ‘விமானமா, நானா?’ என்று கணவனைக் கேட்டவள் அவள்தான். அந்தக் கேள்வி எங்கே போய் விழுந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

“அதுக்காகக் கொன்னியா?”

“ஐயோ, இல்லை!” அவன் தலையில் அடித்துக்கொண்டான். “சத்தியமா இல்லை அண்ணி! இன்ஜின் தரையிலயே நிக்கணும்... அதுதான் கணக்கு! டேங்க் முழுசா இருந்தா உள்ளே காத்துக்கு இடமே இருக்காது. கொஞ்சம் இழுத்ததுமே நின்னுடும். இப்ப பார்த்தீங்கல்ல? ஓடுபாதைக்குப் போறதுக்குள்ள நின்னுடும். ரெண்டு பம்பும் வேலை செய்யலை, விமானத்துல ஏதோ கோளாறுன்னு நினைப்பாரு. சரி பண்ணாம எப்படிக் குடுக்கறதுன்னு ரெண்டு மாசம் ஒத்திப் போடுவாரு. அவ்வளவுதான் நினைச்சேன். நானே டேங்க்கை விளிம்பு வரைக்கும் நிரப்பினேன்!”

“அப்புறம் எப்படி மேலே போச்சு சார்?” ஆபீசர் கேட்டார். இது அவருக்கும் தெரியாத ஒன்று. உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டார்.

“கடைசித் தடவை லேசாப் பறக்கணும்னு பாதிப் பெட்ரோலை இறக்கிட்டாரு மேடம்! எனக்குத் தெரியாது! மூடியைத் திறந்து வச்சு, குச்சியை விட்டு அளந்துக்கிட்டே பம்பை ஓட்டி இறக்குவாரு. எப்பவும் அப்படித்தான். மூடி திறந்திருந்தா குழாய் அடைச்சிருக்கிறது எப்படித் தெரியும்? பாதி டேங்க் காத்து... அது தாக்குப் பிடிச்சுது. ஓடுபாதை முழுக்கத் தாக்குப் பிடிச்சுது. மேலே போய் நின்னுச்சு.”

அவன் குரல் அடங்கியது.

“இன்ஜின் சத்தம் நின்னதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வயலுக்கு ஓடினேன்...”

வெயில் பட்டுத் தகரக் கூரை எங்கோ ‘டங்’ என்றது.

திடீரென்று தம்பி தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் விநோதமான ஒரு வெளிச்சம்!

“மேடம்! அப்ப இன்னிக்குச் சத்தம் போட்டது டேங்க்! நீங்க மெழுகு வச்சதால வந்த காத்து!”

“ஆமா.”

“பேய் இல்லை!”

“இல்லை.”

“அப்ப அன்னிக்கும் அதேதான்! அன்னிக்கும் அடைச்சிருந்துச்சுல்ல! அது டேங்க்தான்... அண்ணன் இல்லை!” அவன் சிரித்தான். அழுதுகொண்டே சிரித்தான். “அண்ணன் என்னைப் பார்த்து மூச்சு விடலை! ஜெயில்ல போடுங்க மேடம், தூக்குல போடுங்க, எதுன்னாலும் சரி. அது அண்ணன் இல்லை! நான் அவரை விட்டுட்டு மூடியைப் பார்த்துக்கிட்டு நிக்கலை! அவர் அதுக்கு முன்னாடியே போயிட்டாரு!”

பார்க்கப் பரிதாபமாக இருந்தது. கொலைப் பழியைக் கையில் வாங்கிக்கொண்டு இப்படி நிம்மதியாகச் சிரித்த மனிதனை ஆபீசர் பார்த்ததில்லை.

“பிரேதப் பரிசோதனை பண்ண டாக்டர், உடனே போயிருக்கலாம், கொஞ்ச நேரம் இருந்தும் போயிருக்கலாம்னு எழுதியிருக்காரு சார்” என்றார் ஆபீசர். “ரெண்டு பக்கமும் சாயற எழுத்து. அதனால நீங்க நினைக்கறது...”

“ஒரு நிமிஷம் மேடம்.”

அண்ணி குறுக்கிட்டாள். மெல்ல எழுந்து தம்பியின் எதிரில் வந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“வயல்ல முதல்ல எதைத் திறந்தீங்க?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை ‘நீ’ என்றே கூப்பிட்டுப் பழகியவள். இன்று ‘நீங்க’ என்றாள். அவன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

“முதல்லன்னா?”

“மூடியையா, மெழுகையா? எது முதல்ல?”

“மெழுகுதான் அண்ணி. அதை எடுக்கத்தானே ஓடினேன். யாராவது பார்த்துட்டா? குனிஞ்சு ஸ்க்ரூடிரைவரால நோண்டினேன். வெளியே வந்ததும் குழாய் ‘சூ’ன்னு காத்தை இழுத்துச்சு.”

“இழுத்து?”

“இழுத்து... கொஞ்ச நேரம் இழுத்துச்சு. சத்தம் யாருக்காவது கேட்டுடப் போகுதேன்னு விரல் வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் நின்னுடுச்சு. முழுசா நின்ன பிறகுதான் எந்திரிச்சேன்.”

“அதுக்கப்புறம்?”

“தரையில நிக்க வேண்டியது ஏன் மேலே போய் நின்னுச்சுன்னு புரியலை. மண்டை வெடிச்சுது. அதான் டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு பார்க்க மூடியைத் திற...”

நிறுத்தினான்.

வாய் திறந்தபடியே நின்றது.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“குழாய் வழியாவே காத்து முழுசா உள்ளே போயாச்சு.” அண்ணி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள், நோயாளிக்கு மருந்து சொல்கிற நிதானத்தில். “இழுக்கறதுக்கு டேங்க்ல மிச்சமே இல்லை. அப்ப மூடியைத் திறந்தா சத்தம் வராது.”

“அண்ணி...”

“வராது தம்பி.”

“அண்ணி, வேணாம்...”

“அது டேங்க் இல்லை.”

அவன் விமானத்தைப் பார்த்தான். உடைந்த கண்ணாடியைப் பார்த்தான். அதற்குப் பின்னாலிருந்த காலி இருக்கையைப் பார்த்தான். மூடிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

ஒரு முழத்தில், பெல்ட்டில் சாய்ந்தபடி, அண்ணன் மூச்சு விட்டிருக்கிறார். இவன் டேங்க்குக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பாதிதான் இருக்கிறது, அதனால்தான் என்று கணக்கு சரிபார்த்துக்கொண்டு!

“நான் அந்த நேரத்துல தூக்கியிருந்தா...?”

அண்ணி நர்ஸ். அவளுக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஷெட்டை விட்டு வெளியே போனாள். வெளியே போன பிறகுதான் அவள் அழுகிற சத்தம் கேட்டது.

ஆபீசர் வாசலைப் பார்த்துக் கை அசைத்தார். ஜீப்பிலிருந்த மீசைக்காரர் பேப்பரை மடித்துவிட்டு இறங்கி வந்தார். மஃப்டியிலிருந்த இன்ஸ்பெக்டர்! தம்பியின் தோளைத் தொட்டு எழுப்பினார். அவன் எழுந்தான். நடக்கச் சொன்னார், நடந்தான்.

ஜீப்பில் ஏறும் முன் ஆபீசரின் கையைப் பிடித்துக்கொண்டான். கை சில்லென்றிருந்தது.

“மேடம்... என்ன தண்டனைன்னாலும் குடுங்க. ஒண்ணே ஒண்ணு. தனியா மட்டும் அடைச்சு வைக்காதீங்க. தனியா இருந்தா அந்தச் சத்தம் கேக்குது...”

ஆபீசர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

“கவலையே படாதீங்க சார். லாக்கப்ல ஏற்கெனவே அரை டஜன் பேர் குறட்டை விட்டுக்கிட்டிருக்காங்க... எது யாரோட மூச்சுன்னு விடிய விடிய உட்கார்ந்து டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்கலாம்!”